மழைக்காடு: பெறுவதா, தருவதா?

‘மழைக்காடு’ பிறமொழிச் சொல்லைப் பார்த்து அமைத்த சொல். ஜெர்மன் தாவரவியலாளர் ஷிம்பர் 1898இல் வெளியிட்ட தாவரப் புவியியல் நூலில் ‘ரேகன்வால்ட்’ என்று எழுதினார். ரேகன் என்றால் மழை, வால்ட் என்றால் காடு. அது ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. பசுமைமாறாக் காடு என்றும் எழுதுகிறார்கள். அது இலையோடு நின்றுவிடுகிறது. மழைக்காடுதான் என் தேர்வு.

காரணம் நம் இலக்கணம். இது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘மழையைப் பெறும் காடு’ என்று விரிக்கலாம். ஷிம்பர் கருதியது அதுதான். ‘மழையைத் தரும் காடு’ என்றும் விரிக்கலாம். இதை அமேசானில் மெய்ப்பித்தவர் பிரேசில் அறிவியலாளர் எனேயாஸ் சலாட்டி. அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று உள்நாட்டுக்குள் போகப் போக, ஆக்சிஜன் அணுவின் எடைகூடிய வகையைக் கொண்ட நீர் முந்திப் பொழிந்துவிடும். பிந்திய மழையில் அது நன்றாகக் குறைய வேண்டும். 1970களில் அவர் மழைநீரைச் சோதித்தார். எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பெய்த நீரை வேர் உறிஞ்சி, இலையடியில் உள்ள நுண்துளைகள் ஆவியாக்கி, அதே நீர் மறுபடி மழையாகியிருந்தது. அமேசான் மழையில் ஏறத்தாழப் பாதி அந்தக் காடே தருவது என்று அவர் கணக்கிட்டார்! அந்த ஈரம் ஆண்டீஸ் மலையில் முட்டித் தெற்கே திரும்பி, பிரேசிலின் தென்பகுதி வயல்கள் வரை போகிறது. அங்குள்ளவர்கள் அதைப் ‘பறக்கும் ஆறுகள்’ என்கிறார்கள்.

இந்தக் காடு இல்லாமல் போவதைக் காடழிவு என்றும் காடழிப்பு என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். தானாக அழிந்தால் அழிவு. ஒருவர் அழித்தால் அழிப்பு. அமேசானில் வெட்டிய நிலத்தில் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது. எனவே காடழிப்பு என்பதே சரி. கரிகாலனைப் புகழ வந்த பட்டினப்பாலைகூட ‘காடு கொன்று நாடாக்கி’ என்கிறது. புகழும்போதும் கொன்றதைக் கொன்றதென்றே சொன்ன மொழி இது.

மரங்களை எரித்தால் அவற்றில் சேர்ந்திருந்த கார்பன் காற்றில் கலக்கிறது. தென்கிழக்கு அமேசான், உறிஞ்சுவதைவிட அதிகக் கார்பனை வெளிவிடுகிறது என்று 2021இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். மழையின் கணக்கு இன்னும் வலிக்கிறது. வறண்ட மாதங்களில் மரத்தின் ஆழவேர் எட்டும் நீர், மேய்ச்சல் புல்லின் வேருக்கு எட்டாது. மேலே ஏறும் ஆவி குறைகிறது. தென் அமேசானில் வறண்ட பருவம் முன்பைவிட நீண்டுவிட்டது.