நாணே வில்லாகும் கால்

பாரிஸ் ஒலிம்பிக்கில் குதிரைகள் தடை தாண்டியதைப் பார்த்த ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஐநூறு, அறுநூறு கிலோ உடம்பு, அதுவும் முதுகில் ஆளை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஆளுயரக் கட்டையை எப்படித் தாண்டுகிறது? குதிரை பற்றி என்னிடம் கேட்டால் லேசில் நிறுத்த மாட்டேன். பதினான்கு வயதில் ஏறியவன், ஐம்பதிலும் இறங்க மனம் வரவில்லை.

ஆளுயரம் என்ன ஆளுயரம், 1949 பிப்ரவரி 5 அன்று சிலி நாட்டின் வீன்யா தெல் மாரில் உவாசோ என்ற குதிரை 2.47 மீட்டர் தாண்டியது. மேலே இருந்தவர் ராணுவ கேப்டன் அல்பெர்தோ லர்ராகிபெல். முக்கால் நூற்றாண்டாகியும் அந்தச் சாதனையை யாரும் அசைக்கவில்லை. இத்தனைக்கும் உவாசோ பந்தயத்தில் சோபிக்காத குதிரை.

சரி, பள்ளிக்கூடக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஆளும் குதிரையுமாக 600 கிலோ, எடைமையம் ஒரு மீட்டர் உயர வேண்டும் என்றால் ஏறக்குறைய 6,000 ஜூல் தேவை. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் அதே உடம்பில் 10,800 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஆக, ஆற்றலுக்குப் பஞ்சமில்லை, முன்னே போகிற உடம்பை மேலே திருப்புவதுதான் பாடு. முன்னங்கால்கள் ஊன்றி நெஞ்சுப் பக்கத்தைத் தூக்கிவிடும், பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் வந்து தொடையும் புட்டமும் சேர்ந்து உதைக்கும். மெதுவாக ஓடும் வீடியோவில் இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும்.

தெரியாதது இன்னும் கீழே இருக்கிறது. குதிரையின் முன்னங்கால் முட்டி என்று நாம் சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே தசை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. எலும்பு, தோல், தசையை எலும்போடு கட்டிப் பின்பக்கமாக இறங்கும் நார்களான தசைநாண்கள், கடைசியில் ஒற்றை நடுவிரல், அவ்வளவுதான், அந்த விரலின் நகம்தான் குளம்பு. தசைநாண் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஒரு திருத்தம்: வில்லில் ஆற்றலைச் சேர்த்து வைப்பது வளைகிற மரம், நாண் அல்ல. குதிரைக் காலில் நாணே வில்லாகிவிடுகிறது. குளம்பு ஊன்றியதும் அதற்கு மேலுள்ள கணு தரையைத் தொட்டுவிடுமோ என்கிற அளவுக்கு அமுங்கும், அப்போது பின்னாலுள்ள நாண் நூற்றுக்குப் பத்துக்கு மேலேயே நீளும், பாரம் குறையத் தொடங்கியதும் சுருங்கி, வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். நாணை மேலே பிடித்திருக்கும் தசையின் இழைகள் சில மில்லிமீட்டர்தான் நீளம்! அவை இழுப்பதற்கு அல்ல, விடாமல் பிடித்துக்கொள்வதற்கு.

திரும்பி வராத அந்தச் சிறு பங்கு சூடாக மாறுகிறது. பாய்ந்தோடும் குதிரையின் நாணுக்குள் 45 டிகிரி செல்சியஸ் வரை அளந்திருக்கிறார்கள். உள்ளே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் சூடு சீக்கிரம் வெளியேறாது, கிழிந்தால் சீக்கிரம் ஆறவும் ஆறாது, பல மாதம் கழித்து ஆறினாலும் தழும்புதான் மிஞ்சும், பழைய மீள்சக்தி வராது. நம் குதிகாலுக்கு மேலுள்ள நாணுக்கும் இதே விதிதான். பந்தயக் குதிரை விலை உயர்ந்தது என்பதால் பணக்காரர்கள் இந்த ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தார்கள், மனித வைத்தியத்துக்கும் அது உதவுகிறது. நம் ஊரில் கால்நடை ஆராய்ச்சி என்றால் பாலும் முட்டையும்தான். நாணுக்குப் பணம் கேட்டால் சிரிப்பார்கள் என்பது என் ஆற்றாமை.

ஆனால் சுழி பார்க்க மட்டும் ஆள் உண்டு. நெற்றியில் இந்தச் சுழி இருந்தால் ராசி, கழுத்தில் அந்தச் சுழி இருந்தால் குடிகெடும் என்று நல்ல குதிரைகளைக் கழிப்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். சுழி என்பது மயிர் முளைக்கிற திசை, அவ்வளவுதான் ஐயா. அப்புறம் அதே ஆட்கள் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விலை பேசுவார்கள்.

நான் தாண்டி முடித்ததும் கால்களுக்குப் பைப்பில் தண்ணீர் விடுவேன். மறுநாள் காலை, சேணம் போடுவதற்கு முன்னால், இரண்டு முன்னங்கால்களின் பின்பக்கத்தையும் விரலால் மேலிருந்து கீழே தடவுவேன். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் அன்றைக்குச் சவாரி கிடையாது.