வால்வு ஆம்ப்ளிபயர் ஏன் உறுமுகிறது?

பாட்டு எதுவும் போடாமல் வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிபயரை ஓடவிட்டு, ஸ்பீக்கர் அருகே காதைக் கொண்டுபோங்கள். அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல், அதன்மேல் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல், நடுநடுவே 'படபட'. மூன்றுக்கும் பிறப்பிடம் வேறு. சத்தம் கேட்டதுமே புது வால்வு வாங்க ஓடுவது வீண்செலவு. காதால் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடியும்.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. சில நாடுகளில் 60. உறுமல் அதே 50 ஹெர்ட்ஸில் மழமழவென்று ஆழமாகக் கேட்டால், வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரையோ கிரவுண்ட் இணைப்பையோ சந்தேகிக்கலாம். கொஞ்சம் கரகரப்பாக, 100 ஹெர்ட்ஸில் கேட்டால் பவர் சப்ளை. ஏசியின் (திசை மாறிமாறிப் பாயும் மின்சாரம்) இரண்டு அரை அலைகளையும் டிசியாக (ஒரே திசையில் பாய்வது) மாற்றும்போது அலைவு இரட்டிப்பாகிறது. மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து அதைச் சமன்செய்ய வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் வயதாகி உலர்ந்துபோயிருக்கும்.

ஹீட்டர் விஷயம் சுவையானது. 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய வால்வைச் சூடாக்க 6.3 வோல்ட் ஏசியில் 0.3 ஆம்பியர் ஓடுகிறது. சில மில்லிமீட்டர் தள்ளி கிரிட், அதாவது ஒலி சிக்னல் வால்வுக்குள் நுழையும் கம்பிவலை; அங்கே வரும் மைக்ரோவோல்ட்டையும் வால்வு விடாமல் பெருக்கும். ஹீட்டர் வயர் இரண்டில் ஒன்று மேலேறும்போது மற்றது கீழிறங்குகிறது. இரண்டையும் இறுக்கமாக முறுக்கினால் கிரிட்டுக்கு இரண்டும் ஒரே தூரம்; ஒன்றின் தாக்கத்தை மற்றது அழித்துவிடும். ஆனால் நடுப்புள்ளி கிரவுண்டில் இருந்தால்தான் இரண்டும் சமமாக ஏறி இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரில் நடு டேப் (சுருளின் நடுவிலிருந்து எடுத்த இணைப்பு) இல்லையென்றால், ஒவ்வொரு வயரிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போதும்.

இடத்தைக் கண்டுபிடிக்க, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். சத்தம் குறையவில்லையா? கோளாறு வால்யூமுக்குப் பின்னால், ஸ்பீக்கர் பக்கம். குறைந்தால், முன்னால், பாட்டு உள்ளே வரும் பக்கம். பிறகு செட்டை அணைத்து, முதல் வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டுக் கேளுங்கள்; சத்தம் நின்றால் கோளாறு அந்த வால்வின் பகுதியிலோ அதற்கு முன்னாலோ. (ஹீட்டர்கள் தொடர் இணைப்பில் உள்ள செட்டில் இது ஆகாது, ஒன்றை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும்.) உள்ளே கை வைக்குமுன் ஒரு எச்சரிக்கை: அணைத்த பிறகும் கண்டென்சரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். அது உயிரைப் பறிக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே தொடுங்கள்.

'உஸ்ஸ்' முழுக்கப் போகாது. ரெசிஸ்டருக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைவதே ஒரு சத்தம் என்று இயற்பியலாளர் ஜான்சன் அளந்து காட்டினார், அவருடைய சகா நைக்விஸ்ட் கணக்கிட்டு விளக்கினார். இரண்டும் 1928இல் வெளிவந்தன. அறை வெப்பத்தில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் மட்டும், 20 கிலோஹெர்ட்ஸ் வரையில், சுமார் 18 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். பழைய கார்பன் ரெசிஸ்டரில் மின்னோட்டம் பாயும்போது இதற்கு மேலும் இரைச்சல் சேரும். முதல் வால்வின் பிளேட் ரெசிஸ்டரை (வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டுக்கு மின்சாரம் தருவது) மெட்டல் ஃபிலிம் வகையாக மாற்றினால், பல நேரம் 'படபட'வும் சேர்ந்து அடங்கும்.

மிச்சமிருந்தால், பென்சில் முனையால் வால்வை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டங்' என்று ஒலித்தால், அதே எண்ணுள்ள இன்னொரு வால்வோடு இடம் மாற்றி மறுபடி தட்டுங்கள். ஒலி வால்வோடு போனால் வால்வு கெட்டது. அதே இடத்திலேயே நின்றால் சாக்கெட்டைச் சுத்தம் செய்யுங்கள்.