போல்ட் ஏறிவிட்டால் போதுமா? அலாய் வீல் வாங்குபவர்களுக்கு

அலாய் வீல் மாற்றிய கார்கள் எங்கள் அலைன்மெண்ட் கடைக்கு வருவது பெரும்பாலும் ஒரே புகாரோடுதான்: "80-ஐத் தாண்டினா ஸ்டியரிங் உதறுது சார்." வாங்கிய இடத்திலேயே பேலன்சிங் செய்திருப்பார்கள், டயரும் புதுசு. அப்புறம் ஏன் உதறுகிறது?

வீலைக் கழற்றி நடுத் துளையை அளந்தால் பல நேரம் அங்கேயே பதில் கிடைத்துவிடும். ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஹப்பின், அதாவது வீல் மாட்டும் அச்சு முகத்தின், நடுவில் துருத்தி நிற்கும் வட்டத்தின் விட்டம் 54.1 மி.மீ. கம்பெனி ரிம்மின் நடுத் துளை அதற்கென்றே கடைந்தது, கச்சிதமாக உட்காரும். வெளியில் விற்கும் அலாய்களில் பல, எல்லாக் காருக்கும் ஆகட்டும் என்று 73.1 மி.மீ. துளையோடு வருகின்றன. சுற்றிலும் 9.5 மி.மீ. இடைவெளி. வீல் நடுவில் நிற்பது நான்கு நட்டுகளின் தயவில்தான். ஜாக்கியை இறக்கிவிட்டு, ஏர் கன்னால் ஒரு நட்டை மட்டும் முதலில் இறுக்கினால், வீல் ஒரு மயிரிழை ஒதுங்கி உட்கார்ந்துவிடும்.

இது பேலன்சிங் மெஷினில் தெரியாது. அது வீலின் நடுத் துளையில் கோன் போட்டுப் பிடித்துச் சுற்றுகிறது. எடை ஏற்றத்தாழ்வு சைபர் என்று காட்டும். காரிலோ அந்தத் துளை எதன் மீதும் உட்காரவில்லை. வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 54.1 என்று, அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் என்ற வளையம் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. அலாய் செட்டின் விலைக்கு முன் அது ஒரு காசே இல்லை. விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவருக்குக் கேட்கத் தெரிவதில்லை.

பிசிடி, அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஸ்விஃப்ட், ஐ20, ஹோண்டா சிட்டி எல்லாம் 4 துளை, 100 மி.மீ. ஃபிகோ 4 துளை, 108. போலோ 5 துளை, 100. கிரெட்டா 5 துளை, 114.3. கவனிக்க வேண்டியது 5 துளையில் 112-ஐயும் 114.3-ஐயும்தான். வித்தியாசம் 2.3 மி.மீ. மட்டுமே என்பதால் இழுத்துப் பிடித்தால் ஏறுவது போலவே இருக்கும். சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் செகண்ட் ஹேண்ட் செட் பார்க்கிறவர்கள் டேப் வைத்து அளந்து ஏமாற வேண்டாம். ரிம்மின் பின்புறம் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

ஆஃப்செட்டைத்தான் யாரும் கேட்பதில்லை. ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே அது. 'ஈடி 45' என்கிற மாதிரி பொறித்திருக்கும். உங்கள் காரில் 5.5 இன்ச் அகலம், ஈடி 45 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு 7 இன்ச், ஈடி 35 வாங்குகிறீர்கள். அகலம் கூடியதில் பக்கத்துக்கு 19 மி.மீ. விரிகிறது. ஆஃப்செட் குறைந்ததில் மொத்த வீலும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக, வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வருகிறது, உள் விளிம்பு 9 மி.மீ. சஸ்பென்ஷன் பக்கம் போகிறது. நான்கு பேர் ஏறி ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது 'கர்ர்' என்று மட்கார்டு உரசுவது இதனால்தான். வீல் பேரிங்குக்கும் கூடுதல் சுமை. சிலர் மட்கார்டு உதட்டை உள்ளே மடித்துத் தருகிறார்கள்; பெயிண்ட் வெடித்து அந்த இடத்திலிருந்தே துரு ஏறும். வாங்கிய வீலுக்கு ஏற்ப காரை வளைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, நட்டுக்கு வருவோம். ஸ்விஃப்ட்டின் மரை 12 மி.மீ., பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 1.25 மி.மீ. ஹோண்டாவுக்கும் ஹுண்டாய்க்கும் அதே 12, ஆனால் பிட்ச் 1.5. மாற்றிப் போட்டால் கையால் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். அங்கே ஏர் கன்னை வைத்து அழுத்தினால் ஸ்டட் (ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்) மரை போச்சு. அதனால் எந்த நட்டையும் கடைசி வரை முதலில் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். 1.5 பிட்ச்சில் குறைந்தது 8 சுற்று, 1.25-இல் 9, 10 சுற்று ஏற வேண்டும். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டின் அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும், வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்புக் குழி. உருண்டை நட்டு கூம்புக் குழியில் ஒரு வளையம் அளவுக்குத்தான் தொடும். இறுகியது போல் இருந்து, ஓட ஓடத் தளரும். கார் ஜாக்கியில் இருக்கும்போதே எதிரெதிராக இறுக்கி, கீழே இறக்கியபின் டார்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்பானர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு முடிக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

டயரின் மொத்த உயரம் மாறக் கூடாது. 185/65 ஆர்15 என்றால் (அகலம் மி.மீ.-இல், சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் எத்தனை இன்ச்) சுமார் 621 மி.மீ. 16 இன்ச்சுக்குப் போனால் 195/55 ஆர்16 ஏறக்குறைய அதே உயரம். 205/55 போட்டால் 632 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், உரசலும் சேரும். 17 இன்ச் பற்றிக் கேட்பவர்களிடம் உங்கள் ஊர் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். டயர் சுவர் மெலிந்தால் பள்ளத்தின் அடியை ரிம்தான் வாங்கும்.

ஐஎஸ்ஐ முத்திரையும், ஒரு வீல் தாங்கும் எடையும் பார்த்து வாங்குங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தினால் வாகனத்தில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் கேள்வி வரலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

பழைய நட்டுகளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்டெப்னி இன்னும் கம்பெனி இரும்பு ரிம்தான். அலாய்க்கு வாங்கிய நட்டு அதில் சரியாக உட்காராமல் போகலாம். பழைய செட்டை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு டிக்கியில் வையுங்கள்.