வினை, எதிர்வினை, மறுதாக்கம்

சிங்கப்பூரில் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். அதனால் நியூட்டனின் மூன்றாம் இயக்க விதியில் வரும் இந்தச் சொற்கள் ‘ஆக்‌ஷன், ரியாக்‌ஷன்’ என்றுதான் வீட்டுக்குள் வருகின்றன. தமிழில் என்ன என்று பிள்ளை கேட்டால், கிடைக்கும் பதில் தாத்தா எந்த ஊரில் படித்தவர் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் படித்தவர் ‘வினை, எதிர்வினை’ என்பார். யாழ்ப்பாணத்தில் படித்தவர் ‘தாக்கம், மறுதாக்கம்’ என்பார். இரண்டுமே பாடநூல் சொற்கள். இரண்டிலும் ஒவ்வொரு சிக்கல் இருக்கிறது.

மூலம் லத்தீன். 1687இல் வெளியான தம் நூலில் ஐசக் நியூட்டன் ‘ஆக்டியோ’, ‘ரியாக்டியோ’ என்று எழுதினார். (நம் நியூட்டன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயர் ஒரு நகராட்சிப் பொறியாளருடையது.) ‘செய்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது ஆக்டியோ. மூன்றாம் விதியை அவர் இரண்டு பகுதியாகச் சொன்னார். ஒவ்வொரு வினைக்கும் சமமான, எதிரான எதிர்வினை உண்டு என்ற முதல் பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். இரு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசைகள் எப்போதும் சமம், திசை மட்டும் எதிரெதிர் என்பது அடுத்த பகுதி. விரலால் கல்லை அழுத்தினால் கல்லும் விரலை அழுத்துகிறது என்று எடுத்துக்காட்டும் தந்தார். விதி பள்ளிக்கு வரும்போது ‘இரு பொருள்கள்’ உதிர்ந்துபோகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

‘வினை’ பழஞ்சொல். தொல்காப்பியத்தில் வினையியல் என்றே ஓர் இயல் உண்டு. அங்கே அது வினைச்சொல்லைக் குறிக்கும். திருக்குறளின் வினைத்திட்பத்தில் அது செய்யும் தொழில். அப்புறம் நல்வினை, தீவினை, ஊழ்வினை என்று வரும்போது, முன்பு செய்தது பின்பு வந்து சேரும் என்ற எண்ணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று கேட்டு வளர்ந்த காதுக்கு வினை முதலில், எதிர்வினை பிறகு. ஒருவர் பேச, மறுநாள் இன்னொருவர் எதிர்வினையாற்றினார் என்று எழுதும் செய்தி வழக்கும் அதையே உறுதிப்படுத்துகிறது.

இயற்பியலில் முன்பின் கிடையாது. நீச்சல் குளத்தில் சுவரைக் காலால் உந்தும் அதே கணத்தில் சுவரும் காலை உந்துகிறது. கால் விலகியதும் இரண்டும் சேர்ந்தே மறைகின்றன. எதை வினை என்பது, எதை எதிர்வினை என்பது நம் விருப்பம்.

‘எதிர்’ என்ற முன்னொட்டிலும் இரண்டு பொருள் ஓடுகிறது. எதிர்காலத்தில் உள்ள எதிர், இனி வரப்போவது. எதிர்வீட்டில் உள்ள எதிர், நம்மைப் பார்த்து நிற்பது. இங்கே வேண்டியது எதிர்வீட்டு எதிர்.

‘தாக்கம்’ தாக்குதலோடு பிறந்த சொல். மேசைமேல் சும்மா கிடக்கும் புத்தகம் மேசையைத் தாக்குகிறது என்றால் பிள்ளை சிரிக்கும். ஆனால் ‘மறு’ அருமையான தேர்வு. மறுகரை, மறுபக்கம் என்னும்போது இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. மறுநாள்தான் இடிக்கிறது, சரி, அதை விட்டுவிடலாம்.

வேதியியலுக்குப் போனால் வேடிக்கை. அங்கே ரியாக்‌ஷன் என்பது தமிழ்நாட்டில் ‘வேதிவினை’, இலங்கையில் ‘இரசாயனத் தாக்கம்’. இயற்பியலில் ஆக்‌ஷனுக்கு வைத்த சொல்லையே இரு மரபும் வேதியியலில் ரியாக்‌ஷனுக்குக் கொடுத்துவிட்டன!

தேர்வில் மார்க் போகும் இடம் வேறு. கடை மேசையில் 2 கிலோ டுரியான் பழம் இருக்கிறது. பூமி அதைச் சுமார் 20 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. மேசை அதே 20 நியூட்டனுடன் மேலே தாங்குகிறது. சமம், எதிர்த்திசை, ஆகவே இதுதான் வினை, எதிர்வினை என்று பலரும் எழுதிவிடுவார்கள். தவறு. இரண்டு விசையும் டுரியான்மேலேயே செயல்படுகின்றன. பூமி டுரியானை இழுப்பதற்கு இணை, டுரியான் பூமியை இழுப்பது. அதுவும் 20 நியூட்டன்தான். பூமியின் நிறை 6 போட்டு 24 சுழியங்கள் சேர்த்த கிலோ என்பதால் அது அசைவது தெரியாது. மேசை தாங்கும் விசையை இலங்கை வழக்கில் ‘மறுதாக்கம்’ என்றே சொல்வதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: வாக்கியத்தில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். வினைச்சொல் மாறாமல் நின்றால் இணை சரி.

விதியின் பெயராக ‘வினை, எதிர்வினை’ ஊன்றிவிட்டது; இருக்கட்டும். கணக்குப் போடும்போது ‘விசை, எதிர்விசை’ என்பதே என் கட்சி. பேசுவது விசையைப் பற்றித்தானே, அளப்பதும் நியூட்டனில்தானே. அதிலும் ஓர் ஆபத்து உண்டு: எதிர்விசை என்றதும் உராய்வுபோல எதிர்த்துத் தடுப்பது என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் எதன்மேல் எது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்: சுவர்மேல் கால் செலுத்தும் விசை, கால்மேல் சுவர் செலுத்தும் எதிர்விசை.