துபா வேர் கரைத்த ஓடையில் மீன் ஏன் மூச்சுத் திணறுகிறது?

துபா என்னும் கொடியின் வேரை இடித்து ஓடையில் கரைத்தால் சற்று நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். பினாங்குத் தோட்டப்புறங்களில் வளர்ந்த பெரியவர்கள் பலருக்குத் தெரிந்த சங்கதி இது. வேர் தண்ணீரிலுள்ள காற்றை உறிஞ்சிவிடுகிறது என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது, மீனின் இரத்தத்திலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத்தான் உடம்பால் முடிவதில்லை.

காரணம், வேரிலுள்ள ரோட்டினோன் என்னும் நஞ்சு. ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1902-ல் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களைப் புரதம் புரதமாகக் கைமாற்றிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. அந்த ஓட்டத்தில்தான் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. ரோட்டினோன் இந்த வரிசையின் முதல் புரதத் தொகுதியிலேயே போய் அடைத்துக்கொள்கிறது. ஏடிபி குறையக் குறைய, நரம்பும் இதயமும்தான் முதலில் தடுமாறும்.

சரி, மைட்டோகாண்ட்ரியா நமக்கும் இருக்கிறதே? வித்தியாசம் நஞ்சு நுழையும் வழியில் இருக்கிறது. நம் குடல் ரோட்டினோனைக் குறைவாகவே உள்ளே விடும், விட்டதையும் கல்லீரல் பெரும்பாலும் சிதைத்துவிடும். மீனின் செவுள் மிக மெல்லியது. அதன் வழியே நஞ்சு நேரே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இதை வைத்து, செடியிலிருந்து வந்தது நம்மை ஒன்றும் செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது. எலிகளின் இரத்தத்தில் தொடர்ந்து செலுத்தியபோது பார்கின்சன் நோய் போன்ற பாதிப்பு வந்தது.

எனக்கு மீனைவிடக் கவலை தருபவை கண்ணுக்கு எளிதில் படாத உயிர்கள்தான். டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுகள் பாசியை மேய்ந்து வாழ்பவை. மீன்குஞ்சுகளுக்கு அவையே உணவு. ரோட்டினோன் பட்டால் அவை கூட்டமாக மடியும். செவுளால் சுவாசிக்கும் பூச்சிப்புழுக்களும் அப்படியே. மேலே வந்து காற்றை எடுத்துச் செல்லும் நீர்வண்டுகள் அதிகம் தாக்குப்பிடிக்கும். ஒரே ஓடை, ஒரே நஞ்சு. யார் எப்படி மூச்சு விடுகிறார் என்பதைப் பொறுத்தே பாதிப்பு.

வெயிலும் வெப்பமும் ரோட்டினோனைச் சிதைக்கும். நம் ஊர்ச் சூட்டில் அது குளிர்நாட்டைவிட வேகமாகவே மறையும். அப்புறம், சேற்றில் கிடக்கும் கெட்டி ஓட்டு முட்டைகளிலிருந்து நீர்த்தெள்ளுகள் மறுபடி தலைகாட்டும். மீனுக்கு அந்த வசதி இல்லை. மேல்நீரோட்டத்தில் மிஞ்சியவை இறங்கி வந்தால்தான் உண்டு. மீன்பிடிக்க நஞ்சு கலப்பதை மலேசியாவின் 1985 மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. வேரை இடித்துக் கரைப்பதும் அதில் அடங்கும்.