டிக்கெட் போடுவதற்கு முன் காதைக் காட்டுங்கள்

"காதுல தண்ணி போயிடுச்சு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டேதான் அந்தத் தம்பி உள்ளே வந்தார். கல்யாணமாகி மூன்று வாரம். தேனிலவுக்கு அந்தமான் போய் ஹேவ்லாக் தீவில், முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங் செய்திருக்கிறார்கள். ஊர் திரும்பி ஐந்து நாளாகியும் வலது காது அடைத்தே இருக்கிறது. பேசினால் தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறதாம்.

பார்த்தேன். தண்ணீர் எதுவும் இல்லை. சிப்பியின் உட்புறம்போல் வெளிறிப் பளபளக்க வேண்டிய காது ஜவ்வு, நாவல்பழ நிறத்தில் இருந்தது. அதன் பின்னால் ரத்தம் கோத்திருந்தது. விசாரித்தால், கிளம்பும்போதே அவருக்குச் சளி. காசு கட்டியாகிவிட்டது, இனி எப்போது வரப்போகிறோம் என்று, மூக்குக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் நானும் டைவிங் போவேன். அக்டோபரிலிருந்து மே வரை அந்தமானில் டைவிங் சீசன். அந்த மாதங்களில் "தண்ணி போயிடுச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் நடந்திருப்பது இதுதான்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்காகும். காற்றின் கன அளவு பாதியாகும். ஜவ்வுக்குப் பின்னால் இருக்கும் காற்றும் அப்படித்தான் சுருங்கும். அதை ஈடுகட்ட, மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகும் மெல்லிய குழாய் வழியாகக் காற்று வர வேண்டும். சளியில் அந்தக் குழாய் வீங்கி அடைத்திருந்தால் ஜவ்வு உள்ளே இழுபடும், ரத்தக் குழாய்கள் கசியும், சிலருக்கு ஜவ்வே கிழியும். முதல் சில மீட்டரில்தான் இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கிறது. ஆகவே "12 மீட்டர்தானே, முதல் டைவ்தானே" என்ற சமாதானம் காதுக்குப் பொருந்தாது.

சொட்டு மருந்து இன்னொரு ஆபத்து. அது வேலை செய்யும் வரை மூக்கு திறந்திருக்கும், இறங்கிவிடுவீர்கள். கீழே இருக்கும்போது அதன் வேகம் குறைந்தால், மேலே வரும்போது விரிகிற காற்றுக்கு வெளியே போக வழி இருக்காது. சளி பிடித்தால் இறங்காதீர்கள். கரையில் உட்கார்ந்திருக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கே இருந்திருக்கிறது.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு வருகிறவர்களிடம் ஒரு எளிய சோதனை செய்வேன். காதுக்குள் கருவியை வைத்துப் பார்த்தபடியே, "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, வாயை மூடி, மெதுவா ஊதுங்க" என்பேன். குழாய் நன்றாக இருந்தால் ஜவ்வு லேசாக வெளியே புடைப்பது கண்ணுக்குத் தெரியும். அசையவே இல்லையென்றால், அலர்ஜியா, சைனஸா என்று பார்த்துச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. தீவில் படகு காத்துக்கொண்டிருக்கும்போது அந்த நேரம் கிடைக்காது.

டைவிங் கடையில் கொடுக்கும் உடல்நலப் படிவத்தையும் வீட்டிலேயே நிரப்புங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், மார்பு அறுவை சிகிச்சை எல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். முக்கியமான கேள்விக்கு "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். தீவில் அதற்கு எங்கே போவது என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிடுகிறார்கள். நுரையீரலில் காற்று கசிந்து சுருங்கிய வரலாறு உள்ளவரும், நாள் தள்ளிப்போயிருக்கும் பெண்ணும் அப்படிப் போட்டுவிட்டு இறங்கவே கூடாது. 45 வயதைத் தாண்டியவர், அதிலும் சர்க்கரை, பிரஷர் இருப்பவர், இதயத்தையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்வேன். தம் கட்டி அடிமண்ணை எடுத்து வருவது நம் ஊரில் பெருமை. ஸ்கூபாவில் அந்தப் பழக்கம் உயிரையே வாங்கும். கிணற்றில் மேலே இழுத்த மூச்சுதான் கீழே போய்த் திரும்புகிறது. ஸ்கூபாவில் கீழே, அழுத்தத்தில் இருக்கும் காற்றை இழுக்கிறீர்கள். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, பயத்தில் தம் கட்டிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை நிறுத்தவே கூடாது.

அப்புறம், திரும்பும் விமானம். கீழே இருந்த நேரத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுவரை குறையலாம். ஊட்டியைவிடச் சற்று உயரம். சீக்கிரம் ஏறினால் நைட்ரஜன் குமிழியாகும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்கிறார்கள். நான் எல்லோருக்கும் 24 என்றே சொல்கிறேன். தம்பியின் பேக்கேஜில் காலை டைவ், மாலை கப்பல், மறுநாள் விடியற்காலை விமானம் என்று போட்டிருந்தது. டைவிங்கை முதல் நாட்களில் வையுங்கள். செல்லுலார் சிறையைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள்.

மூட்டு வலி, கையில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, தோலில் திட்டு, காரணமில்லாத அசதி: டைவ் செய்த அன்றோ மறுநாளோ இவை வந்தால் "அலைச்சல்" என்று படுத்துவிடாதீர்கள், அந்த நைட்ரஜன் குமிழிகளின் வேலையாக இருக்கலாம். உடனே ஆக்சிஜன், பிறகு காற்றழுத்தத்தைக் கூட்டிய மூடிய அறைக்குள் வைத்துச் செய்யும் அழுத்த அறை சிகிச்சை. அந்தமானில் அந்த அறை போர்ட் பிளேரில், இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்து கடல் தாண்டித்தான் போக வேண்டும். லட்சத்தீவில் நோய் முற்றினால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோவார்கள். அதனால் கடையில் விலையைக் கேட்பதற்கு முன், "படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். இன்சூரன்ஸில் ஸ்கூபா சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல பாலிசிகளில் சேராது.

தம்பிக்கு ஆறு வாரத்தில் ரத்தம் கரைந்து, ஊதச் சொன்னபோது ஜவ்வு அசைந்தது. ஜனவரியில் மறுபடி போகிறார்களாம். இந்த முறை அவர் மனைவி தன் காதையும் காட்டினார். படிவத்தை இரண்டு பிரதி எடுத்து வந்திருந்தார்.