பேலட் ஜாக்: தமிழில் என்ன சொல்லலாம்?

சூப்பர் மார்க்கெட்டின் பின்கட்டில், குடோன் கதவை ஒட்டி நிற்கும். ஒரு முனையில் நீண்ட கைப்பிடி, மறுமுனையில் தரையோடு தரையாக இரண்டு இரும்புக் கைகள். பேலட் எனும் மரத்தட்டின் அடியில் அவற்றைச் செருகிக் கைப்பிடியை ஏழெட்டு முறை அடித்தால், எண்ணெய் அழுத்தத்தில் தட்டு சரக்கோடு எழும்பும். பில்லில் இதன் பெயர் ஹேண்ட் பேலட் டிரக் அல்லது பேலட் ஜாக். கடைப் பையன்கள் வாயில் வெறும் டிராலி.

பேலட் என்ற சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் வேரான ‘பாலா’வுக்கு மண்வாரி என்று பொருள். ஓவியர் வண்ணம் குழைக்கும் பலகையின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான்.

ஜாக் ஆளின் பெயர். ஜான் என்பதைச் செல்லமாகச் சுருக்கியது. பழைய இங்கிலாந்தில் எடுபிடிப் பையன் யாராக இருந்தாலும் ஜாக்தான். பின்னாளில் அந்தப் பையன் செய்த வேலையைச் செய்யக் கருவி வந்ததும் அதற்கும் அவன் பெயரையே வைத்தார்கள். இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றுவது ஒரு ஜாக், பூட்ஸைக் கழற்ற உதவுவது ஒரு ஜாக், பாரம் தூக்குவதும் ஒரு ஜாக். நம் மெக்கானிக் ஷெட்டில் அது ஜாக்கி ஆனது.

அதனால் ‘தட்டுத்தூக்கி’ என்று பெயர்த்துவிடலாமா? எனக்குச் சம்மதமில்லை. இது ஒரு சாண்கூடத் தூக்காது. கீழே இறங்கியிருக்கையில் கைகளின் உயரம் சுமார் 85 மில்லிமீட்டர், முழுக்க ஏற்றினால் 200. இதன் வேலை உருட்டிக்கொண்டு போவது, ஆபத்தும் அந்த உருளலில்தான். 26 கிலோ அரிசி மூட்டை முப்பதை அடுக்கினால் 780 கிலோ. பெரும்பாலான கைவண்டிகளுக்கு பிரேக் கிடையாது. இழுத்துக்கொண்டு முன்னால் நடப்பவர், குறுக்கே ஒரு குழந்தை ஓடிவர, சட்டென்று நிற்கிறார். பின்னால் வரும் பாரம் நிற்பதில்லை. கைப்பிடிக்கு அடியிலுள்ள சக்கரம் குதிகாலில் வந்து மோதுகிறது. செருப்போடு வேலை பார்ப்பவருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் கிழிந்துபோகும். முடிந்தவரை தள்ளுங்கள், இழுக்காதீர்கள் என்று பயிற்சியில் சொல்வது இதனால்தான். சரக்கு கண்ணை மறைக்கும் உயரத்துக்கு அடுக்கக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்ததே. சரிவில் ஆள் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், பாரம் பள்ளத்துப் பக்கம்.

என் பரிந்துரை: கவைவண்டி. கவை என்றால் பிளவுபட்ட கிளை. சங்கப் பாட்டு நண்டைக் ‘கவைத்தாள் அலவன்’ என்கிறது. பிளந்த காலுடைய நண்டு! இந்த வண்டியின் இரண்டு கைகளைப் பார்த்தவருக்கு அந்தச் சொல் உடனே பிடிபடும். ஃபோர்க்லிஃப்ட்டைக் கவைத்தூக்கி எனலாம். அது உயரத் தூக்குவது, இது உருள்வது. பேலட்டுக்குச் சரக்குத்தட்டு போதும்.

‘வண்டி’ என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். “வண்டி வருது, காலை எடு!” என்றுதான் குடோனில் ஏற்கெனவே கத்துகிறார்கள். வண்டி என்றால் ஏறும், நசுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

டிராலி என்ற சொல்லோ எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. வாடிக்கையாளர் தள்ளும் கம்பிக்கூடையும் டிராலி, முக்கால் டன் சுமக்கும் இதுவும் டிராலி. கடைகளுக்குப் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. ஒரு கடையின் விபத்துப் பதிவேட்டில் ‘டிராலி இடித்து லேசான வலி’ என்ற ஒரே வரியைக் கண்டேன். அந்தப் பையனின் கணுக்காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலில் கேட்டது, காயம் வேலையினால், வேலையின்போது நேர்ந்ததா என்பதுதான். இன்றும் கேள்வி அதுவே. பதிவேட்டின் அந்த வரி இதற்குப் பதில் சொல்லும்படி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘சரக்கேற்றிய கவைவண்டியை இழுத்து வருகையில் அதன் சக்கரம் வலது கணுக்காலில் மோதியது.’